ஏழாம் மாடி மகஜர்

எங்கள் பேட்டையில் ஒரு வழக்கம் இருந்தது. இணையப் பெட்டிக்கு யார் வீட்டிலிருந்து கரண்டு எடுக்கிறோமோ, அந்த வீட்டுக்கு இணையம் இலவசம். எழுத்தில் எதுவும் கிடையாது. ஒரு பிளக் பாயின்ட் கொடுத்தால் போதும், மாதாமாதம் போய்க் கதவைத் தட்ட மாட்டோம். சட்டம் அந்த பிளக் பாயின்ட்டை வேறு மாதிரி பார்க்கும் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. தெரிந்ததும் முதலில் அதைப் பயன்படுத்திக்கொண்டவன் நான்தான்.

இரண்டாயிரத்து ஆறாம் வருஷம், நவம்பர். ருமேனியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர இன்னும் ஐந்தே வாரம். தான்யூப் கரையில் கப்பல் பட்டறைக்காரர்களுக்காகக் கட்டின பத்து மாடி பிளாக்குகள் எங்களுடையவை. நானும் சேசரும் ஜன்னலுக்கு ஜன்னல், மரத்துக்கு மரம் கேபிள் இழுத்து நானூறு வீடுகளை ஒன்றாகக் கோத்திருந்தோம். லைசென்ஸ் உண்டா என்று கேட்டால் சிரிப்புதான் வரும். ஏணியும் துணிச்சலும் இருந்தன, அது போதுமாக இருந்தது.

இணையம் சாக்குத்தான். ஜனங்கள் காசு கொடுத்தது ஹப்புக்காக. ஹப் என்றால் நானூறு வீட்டுக் கம்ப்யூட்டர்களும் கூடுகிற சந்தை. உன் வீட்டில் உள்ள படத்தை நான் எடுத்துக்கொள்வேன், என் வீட்டுப் பாட்டை நீ எடுத்துக்கொள்வாய். உள்ளே வர ஒரே விதி: குறைந்தது இருபது ஜிபி மற்றவர்களுக்குத் திறந்து வைத்திருக்க வேண்டும். குப்பைக் கோப்புகளைப் போட்டு ஏமாற்றுகிறவர்களை நான் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுவேன். அதில் எனக்கு ஒரு சுகம் இருந்தது, மறைக்க மாட்டேன். யார் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் எந்நேரமும் ஓரத்தில் ஓடும். அந்தப் பட்டியலில் மேலே இருப்பவனுக்கு எங்கள் பேட்டையில் மேயரைவிட மரியாதை.

மேலே இருந்தவர் பெயர் கேப்டன். ஆயிரத்து நானூறு ஜிபி. அடுத்தவன் முந்நூறைத் தாண்டவில்லை.

கேப்டன் என்பது பட்டப்பெயர். ஆள் நெகுலாய் அண்ணன், டி-4 பிளாக், ஏழாம் மாடி. பட்டறையில் வெல்டராக இருந்தவர். இரும்புத் தகடு ஒன்று சரிந்து முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் போயிற்று. பிளாக்கில் லிஃப்ட் கெட்டுப்போய் இரண்டு வருஷம். யார் பழுது பார்ப்பது என்று மேல்மாடியும் கீழ்மாடியும் அடித்துக்கொண்டதில் அவர் இரண்டு வருஷமாக மண்ணை மிதிக்கவில்லை, மிதிக்கக் காலும் இல்லை. மனைவி சம்பிரா இத்தாலியில் ஒரு கிழவியைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெப்கேமில் வருவாள். மற்ற ஆறு நாளும் அவருக்கு நாங்கள்தான்.

அந்த ஆயிரத்து நானூறும் அவருடையது இல்லை. பெட்டி என்னுடையது, ஆறு டிஸ்க்குகளும் என்னுடையவை, நிரப்பியதும் நான். எந்நேரமும் ஆள் இருக்கிற வீடு, பெட்டி நின்றுபோனால் பட்டனை அமுக்க ஒரு கை. அதற்காக அங்கே வைத்தோம். பட்டியலில் அவர் பெயரைப் போட்டது கூலிக்குப் பதிலாக. முதலில் கூச்சப்பட்டார். ஒரு மாதத்தில் பேட்டை முழுக்க "கேப்டன், மேய்க்கிற நாய் வர்ற அந்த செக் நாட்டுப் படம் இருக்கா?", "கேப்டன், புள்ளைக்குக் கார்ட்டூன் வேணும்" என்று எழுத ஆரம்பித்ததும் மனிதர் ஆளே மாறிவிட்டார். ஒவ்வொரு படத்தையும் பார்த்து, எது தேறும், எது தேறாது என்று பட்டியல் போட்டார். படிக்கட்டில் அவர் பெயரைக்கூடக் கேட்காதவர்கள் ஹப்பில் அவருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொன்னார்கள். ஒருவன்கூட ஏழு மாடி ஏறி வந்து சொல்லவில்லை.

ஜனவரி மூன்றாம் தேதி அவர் இத்தாலிக்குப் போவதாக இருந்தது. எல்லை திறந்துவிடும், அடையாள அட்டை போதும், விசா தொல்லை இல்லை. கிழவியின் மகன் தரைத்தளத்தில் ஒரு அறை தருவதாக ஒப்புக்கொண்டிருந்தான். பஸ்ஸில் இடம் பிடித்தாயிற்று. நாற்காலியோடு அவரைக் கீழே இறக்க நாலு பேர் என்று ஏற்பாடு, அதில் நான் ஒருவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சேசர் என்னை பீர்க்கடைக்குக் கூப்பிட்டான். அவன் கல்யாணத்தில் ஞானத்தந்தையாக நின்றவர் போலீஸ் தலைமையகத்தில் கோப்பு கட்டுகிறவர். எங்கள் பக்கம் அந்த உறவு ரத்த உறவைவிடக் கெட்டி. ஞானத்தந்தை சொன்னதை அப்படியே ஒப்பித்தான்.

"மச்சான், செவ்வாய்க்கிழமை காலைல வர்றாங்க. சர்வர் இருக்கற எடத்துக்கு நேரா."

"யார் பேர்ல?"

"அட்ரஸ் மட்டுந்தான் இருக்கு. டி-4, ஏழாவது மாடி. பேரு அங்க போயி எழுதிக்குவாங்க. ஒரு பொட்டி, ஒரு ஆளு, ஒரு கேஸு. திருட்டுப் படத்த ஒழிச்சிட்டோம்னு ஜனவரிக்குள்ள பிரஸ்ஸல்ஸுக்குக் காட்டணுமாம்."

"பொட்டிய இப்பவே தூக்கிட்டா?"

"தூக்கினா வேற பொட்டி தேடுவானுங்க. உன் வீட்ல ஒண்ணு இருக்கு, என் வீட்ல ஒண்ணு இருக்கு. நெட்வொர்க்க வாங்க வந்த கம்பெனிக்காரன் என்னடா சொன்னான்? ஓனர் மேல கேஸ் இருந்தா கையெழுத்தே கெடையாதுன்னான்ல?"

நான் சூரியகாந்தி விதையைக் கொறித்துக்கொண்டிருந்தேன்.

"அவருக்குக் காலு இல்ல. ஜட்ஜு பாத்தாலே பாவம்னு விட்ருவான். உன்னயும் என்னயும் பாத்தா விடுவானா? நாலு வருஷம் ஜெயில்டா, நாலு வருஷம்."

"அவருக்கு ஜனவரில பஸ்ஸு இருக்கு" என்றேன்.

"பஸ்ஸு ஜனவரியோட நின்னுடுமா?"

அவ்வளவுதான். நான் துடித்தேன், தூக்கம் வராமல் புரண்டேன் என்றெல்லாம் சொன்னால் உங்கள் காதில் பூச்சுற்றுகிறேன் என்று அர்த்தம். நன்றாகத் தூங்கினேன். காலையில் எழுந்ததும் எனக்கு இருந்த ஒரே கவலை, அவர் உளறிவிடுவாரோ என்பது. "பெட்டி வியோரெலுது" என்று என் பெயரைச் சொன்னால் என் கதை முடிந்தது. ஆகவே திங்கட்கிழமை ஏழாம் மாடிக்கு ஏறினேன்.

நெகுலாய் அண்ணன் செம்புக் கெண்டியில் காபி போட்டார். எனக்குக் கைப்பிடி உடையாத கோப்பை, அவருக்கு உடைந்தது. எப்போதும் அப்படித்தான்.

"நாளைக்குக் கொஞ்சம் பேர் வர்றாங்கண்ணே" என்றேன். "ஊர்ல இருக்கற எல்லா நெட்வொர்க்கும் சேந்து யாரு பெரிய ஆளுன்னு அளக்கறாங்க. மொத ஆளுக்கு டிப்ளோமா."

"டிப்ளோமாவா?"

"வட்ட சீல் வெச்சு."

அவர் கெண்டியைக் கீழே வைத்தார். எங்கள் ஊரில் சீல் வைத்த காகிதத்துக்கு மயங்காதவன் பிறக்கவில்லை. பட்டறையில் முப்பது வருஷம் உழைத்தும் அவருக்கு ஒன்று கிடைத்ததில்லை. எனக்கு அது தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

"ஆனா ஒண்ணுண்ணே. டிஸ்க்கெல்லாம் எங்களுதுன்னு சொல்லிட்டீங்கன்னா போச்சு. வெச்சிருக்கறவரே சொந்தக்காரரா இருக்கணும்னு ரூல்."

"அப்ப பொய் சொல்லச் சொல்றியா?"

"இதுல என்னண்ணே பொய்யி? உங்க வீடு, உங்க கரண்டு, உக்காந்து பாத்துக்கறது நீங்க. நான் மாசத்துல ஒரு நாள் வந்து தூசி தட்டுறேன்."

"அதுவும் வாஸ்தவந்தான்" என்று யோசித்தார். பிறகு, "டேய், ஷேவ் பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டார்.

"பண்ணிக்கங்க. போட்டோ எடுத்தாலும் எடுப்பாங்க."

அந்த போட்டோ சங்கதியைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. வாயில் வந்தது, சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு என் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். வீட்டைச் சோதனை போட்டால் அதே பிளாக்கிலிருந்து இரண்டு சாட்சிகள் வேண்டும். நான் இரண்டாம் மாடி. தரைத்தளத்துக் கிழவி ஒருத்தி, நான் ஒருவன். ஞானத்தந்தை அப்படி ஏற்பாடு பண்ணியிருந்தார். மறுத்தால் சந்தேகம் வரும் என்றான் சேசர். செருப்பை மாட்டிக்கொண்டு போலீஸ்காரர்கள் பின்னால் நானும் ஏறினேன்.

நெகுலாய் அண்ணன் கோட்டு சூட்டில் உட்கார்ந்திருந்தார். இத்தாலிக்குப் போக வைத்திருந்த சூட்டு, சாம்பல் நிறம், காற்சட்டையின் நுனி இரண்டையும் மடித்து ஊக்குக் குத்தியிருந்தார். கன்னத்தில் பிளேடு கீறின இடத்தில் செய்தித்தாள் துண்டு ஒட்டியிருந்தது. மேஜைமேல் ஆறு கிளாஸ், ஒரு பாட்டில் பிளம் சாராயம், தட்டில் கேக்.

"வாங்க வாங்க, கதவு தெறந்துதான் இருக்கு" என்றார்.

இன்ஸ்பெக்டர் ஒப்ரேயா ஐம்பது வயதுக்காரர், ஏழு மாடி ஏறினதில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். வாசலிலேயே நின்று பத்திரத்தைப் படித்தார். சட்டம் இத்தனையாம் எண், பிரிவு, உட்பிரிவு. அண்ணன் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார், போட்டி விதிகள் என்று நினைத்துக்கொண்டு. கூட வந்த கம்ப்யூட்டர் நிபுணன் இருபத்தைந்து வயசுப் பையன். திரையில் ஓடின பட்டியலைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான்.

"ஐயோ, கேப்டன் நீங்கதானா! நான் பக்கத்து பிளாக்குதான் சார். போன வாரம் உங்ககிட்டதான் அந்த நீர்மூழ்கிப் படம் எறக்கினேன்!"

"ரெண்டாம் பாகம் இன்னும் நல்லாருக்கும் தம்பி. எடுத்துக்க" என்றார் அண்ணன். இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். கை குலுக்கின கையோடு பையன் பெட்டியின் ஸ்க்ரூவைக் கழற்ற உட்கார்ந்தான்.

சாராயத்தை யாரும் தொடவில்லை. கிழவி மட்டும் ஒரு துண்டு கேக்கை எடுத்து மேலங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

இன்ஸ்பெக்டர் கேட்டார். "இந்தப் பெட்டி, இந்த ஆறு டிஸ்க்கு, இதுல இருக்கற படம், பாட்டு எல்லாம் யாரோடது?"

"என்னோடது" என்றார் அண்ணன்.

"வேற யாரும் கொண்டாந்து வெக்கலையே?"

"எல்லாம் என்னோடதுதான் சார். ஆயிரத்து நானூறு! நம்ம பேட்டையில அடுத்த ஆளு எவ்ளோ தெரியுமா? முந்நூறு!"

ஒப்ரேயா பேனாவை நிறுத்தினார். மடித்த காற்சட்டையைப் பார்த்தார். நல்ல மனிதர் போலிருக்கிறது. "பெரியவரே, அவசரமில்ல. நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. சும்மா கரண்டு மட்டும் குடுத்திருந்தீங்கன்னா, யாருக்குக் குடுத்தீங்கன்னு சொன்னா போதும். உங்களுக்கு ஒண்ணும் வராது."

அண்ணன் என்னைப் பார்த்தார். அந்த நேரத்தில்தான் எல்லாம் தீர்மானமானது. நான் வாயே திறக்க வேண்டாம், முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தால்கூடப் போதும், அவருக்குச் சந்தேகம் தட்டியிருக்கும். நான் நேராகப் பார்த்து, மெல்லத் தலையாட்டினேன்.

"யோசிக்க என்ன இருக்கு? எல்லாம் என்னோடது."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு எழுதி முடித்தார். வட்ட சீலை எடுத்து ஊதி, குத்தினார். சீலைப் பார்த்ததும் அண்ணன் முகம் மலர்ந்தது.

"குற்றவியல் விசாரணை முடியற வரைக்கும் நீங்க இந்த ஊர விட்டு வெளிய போகக்கூடாது" என்றார் ஒப்ரேயா. "மத்தவங்க படத்த அவங்க அனுமதி இல்லாம ஊருக்கே தெறந்து வெச்சதுக்கு வழக்கு."

சிரிப்பு முகத்திலேயே கொஞ்ச நேரம் இருந்தது. எங்கே போவதென்று அதற்குத் தெரியவில்லை.

"நான் யாருக்கும் விக்கலையே. ஒரு லெய் காசு வாங்கினதில்ல."

"வித்தாலும் ஒண்ணுதான், சும்மா குடுத்தாலும் ஒண்ணுதான். தெறந்து வெச்சதே குத்தம்."

"ஊர விட்டுன்னா... எனக்கு ஜனவரி மூணு பஸ்ஸு. என் பொண்டாட்டி..."

"கோர்ட்ல சொல்லுங்க பெரியவரே."

நிபுணன் பெட்டியைத் தூக்கினான். அண்ணனுடைய சொந்தக் கம்ப்யூட்டரையும் தூக்கினான், அது பழையது, சம்பிரா அனுப்பினது. திரைமேல் உட்கார்ந்திருந்த வெப்கேமின் வயரையும் உருவினான்.

"தம்பி, அதுல படம் எதுவும் இல்ல. அது வெறும் கண்ணு. அத விட்ருப்பா."

"பட்டியல்ல எழுதியாச்சு சார்" என்றான் பையன். இப்போது கேப்டன் என்று கூப்பிடவில்லை.

பறிமுதல் மகஜரில் சாட்சிக் கையெழுத்துப் போட என்னைக் கூப்பிட்டார்கள். போட்டேன். நிமிர்ந்தபோது அண்ணன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது அவருக்கு. அப்போதும் ஒரு வார்த்தை, "இவன்தான்" என்று ஒரு விரல் நீட்டினால் போதும். நீட்டவில்லை. ஏன் என்று எனக்கு ரொம்ப நாள் புரியவில்லை. நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டேன், நான் ஒரு முட்டாள்.

ஜனவரி மூன்றாம் தேதி பஸ் போயிற்று. எல்லை திறந்தது, வாணவேடிக்கை விட்டார்கள், பேட்டையில் பாதிப் பேர் இத்தாலிக்கும் ஸ்பெயினுக்கும் மூட்டை கட்டினார்கள். வசந்தத்தில் அந்த இத்தாலிக் கிழவி செத்துப்போனாள். அவளுடைய மகன் வீட்டை விற்றான், தரைத்தளத்து அறையும் அதோடு போயிற்று. சம்பிரா வேறு ஊரில் வேறு வீட்டுக்குப் போனாள். அங்கே வேலைக்காரியின் புருஷனுக்கு இடம் கிடையாது. முதலில் வாரம் ஒரு தரம் தொலைபேசினாள், பிறகு பண்டிகைக்கு, பிறகு இல்லை. ஹப்பில் ஒரு வாரம் புலம்பல் இருந்தது. "கேப்டன் எங்க?" என்று இல்லை. "படம் ஏன் மெதுவா எறங்குது?" என்று.

நெட்வொர்க்கைக் கம்பெனி வாங்கியது. சேசர் கார் வாங்கினான். எனக்குக் கம்பெனியிலேயே வேலை, நீலச் சட்டை, மார்பில் பெயர்ப்பட்டை. இப்போது வீடு வீடாகப் போய் ஒப்பந்தம் கையெழுத்து வாங்குகிறேன். ஏழாம் பக்கத்தில் ஒரு வரி இருக்கும்: அடுத்தவர் உரிமை உள்ள படைப்புகளைப் பகிர மாட்டேன். அதை வாசித்துக் காட்டுவது என் கடமை.

வழக்கு இரண்டரை வருஷம் ஓடி ஒரு காகிதத்தில் முடிந்தது. "இச்செயலால் சமூகத்துக்கு ஆபத்து இல்லை" என்று எழுதி மூடிவிட்டார்கள். அபராதம் ஏதோ சில்லறை. இனிமேல் அவர் எங்கு வேண்டுமானாலும் போகலாம் என்றும் அதில் இருந்தது.

அடுத்த வாரம் அவரே கம்பெனிக்கு போன் பண்ணி இணைப்புக் கேட்டார். யாரை அனுப்ப வேண்டும் என்று பெயரும் சொல்லியிருந்தார்.

போனேன். முடி முழுக்க வெளுத்திருந்தது. அதே மேஜை, அதே செம்புக் கெண்டி. திரை இருந்த இடத்துக்கு மேலே சுவரில் கண்ணாடிச் சட்டம் போட்டு அந்த மகஜர் மாட்டியிருந்தது. வட்ட சீல் நடுவில் தெரிந்தது.

"டிப்ளோமா வரும்னியே. இதான் வந்துச்சு" என்றார். "படி."

"அண்ணே..."

"கண்ணு மங்கிப்போச்சுடா. சத்தமாப் படி."

படித்தேன். பெட்டி ஒன்று, டிஸ்க் ஆறு, கம்ப்யூட்டர் ஒன்று, வெப்கேம் ஒன்று. மேற்படி பொருட்கள் அனைத்தும் தம்முடையவை என்று தாமாக முன்வந்து சொன்னார், யாரும் தூண்டவில்லை. சாட்சி, வியோரெல் கிரீட்சா.

"அன்னிக்கே உன்னக் காட்டிக் குடுத்திருக்கலாம்" என்றார், காபியை ஊற்றிக்கொண்டே. "குடுத்திருந்தா நாலு வருஷத்துல நீ வெளிய வந்திருப்ப. எல்லாம் தீந்திருக்கும் உனக்கு." ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். கைப்பிடி உடைந்த கோப்பையை என் பக்கம் தள்ளினார்.

அதிலிருந்து வாரா வாரம் திங்கட்கிழமை அவர் புகார் கொடுக்கிறார். லைன் வரவில்லை என்பார். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஆள் போக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. லைனில் ஒரு கோளாறும் இருக்காது. வேறு ஆளை அனுப்புங்கள் என்று மேலாளர் காலில் விழாத குறையாகக் கேட்டுப் பார்த்தேன். "அந்த வாடிக்கையாளர் உன்ன எவ்ளோ புகழ்றார் தெரியுமா? நீ வந்தாதான் சரியாகுதாம்" என்றார் மேலாளர். வேலையை விடலாம் என்றால் பெண்டாட்டி பிள்ளை இருக்கிறது. லிஃப்ட் இப்போது ஓடுகிறது, ஆனால் அவர் ஒரு நாளும் கீழே இறங்குவதில்லை. போவதற்கு இடமில்லை என்கிறார்.

புகார் தீர்ந்தது என்று அவர் கையெழுத்துப் போட்டால்தான் நான் வெளியே வர முடியும். போன செவ்வாய்க்கிழமையும் போனேன். ஷேவ் பண்ணி, சாம்பல் நிறச் சூட்டுப் போட்டு உட்கார்ந்திருந்தார். தாளை நீட்டினேன். பேனாவை எடுக்கவில்லை, சுவரைக் காட்டினார். படித்து முடித்தேன்.

"கடைசி வரி சரியாக் கேக்கலையே. யாரு சாட்சி?"

"நான்தாண்ணே."

"பேரு போட்டிருக்கில்ல? பேரப் படி."

படித்தேன். காதருகே கையைக் குவித்துக்கொண்டு, "மொதல்லேருந்து" என்றார்.